அப்பா ஆபரேஷனும் உன் 'இரேஷனல்' கம்ப்ளெயின்ட்டும்

மாப்ள,

உன் லெட்டர நேத்து நைட்டு தான் நிதானமா படிச்சேன். வேலைல ஒரே அலைச்சல், அதான் லேட்டு, திட்டாத. மொதல்ல உங்கப்பா விஷயம், மத்ததெல்லாம் அப்புறம். எக்கோ ஸ்கேன்ல இதய வால்வு சுருங்கியிருக்குன்னு தெரிஞ்சது, டாக்டர் ஆபரேஷன் பண்ணிடலாம்னு சொன்னது, அப்பா "எனக்கு வேணாம், என்ன விட்டுடுங்க"ன்னு சேர விட்டு எந்திரிச்சு வெளிய வந்தது, நீ கார்ல வச்சு அவரு கிட்ட கத்தினது, எல்லாம் எழுதியிருந்த. கடைசில எழுதின லைன் தான் என்ன இப்ப உக்கார வச்சு எழுத வைக்குது. "லாஜிக்கே இல்லடா, கம்ப்ளீட்லி இரேஷனல், இவ்ளோ படிச்ச மனுஷன் இப்படி பேசலாமா"ன்னு கேட்டிருந்த.

எனக்கு அது ஒத்துக்க முடியல. அப்பா எடுத்த முடிவு சரின்னு சொல்ல வரல, எனக்கும் அவரு ஆபரேஷன் பண்ணிக்கணும்னு தான் ஆசை. ஆனா அவர இரேஷனல்னு நீ சொல்ற இடத்துல ரெண்டு வேற வேற கோவம் ஒண்ணா கலந்து கிடக்கு, ஒண்ணு அவருக்கு தப்பா தெரிஞ்சிருக்கறது மேல, இன்னொண்ணு அவருக்கு என்ன வேணும்ங்கறது மேல, அத பிரிச்சா தான் அவரு கிட்ட மேல பேசவே முடியும்.

நீ கவனிச்சிருக்கியா, யாருமே தன்னோட முடிவ இரேஷனல்னு சொல்லிக்கறது கிடையாது, அந்த பட்டம் எப்பவும் அடுத்தவனுக்கு தான். புருஷன் பொண்டாட்டி சண்டைல ஒருத்தர் "கொஞ்சம் ரேஷனலா பேசு"ன்னு ஆரம்பிச்சா அதுக்கு பாதி நேரம் அர்த்தம் "நான் சொல்றத ஒத்துக்கோ". ஆஃபீஸ்லயும் அப்படித்தான், எனக்கு பிடிச்ச முடிவு டேட்டா ட்ரிவன், உனக்கு பிடிச்சது எமோஷனல். இப்படி எல்லாரும் எடுத்து வீசி வீசியே அந்த வார்த்தை கிட்டத்தட்ட வசவு மாதிரி ஆயிடுச்சு.

ஆனா அந்த கான்செப்ட்டுக்கு உருப்படியா ஒரு வேலை இருக்கு. ஒருத்தருக்கு என்ன தெரியும், என்ன வேணும், என்ன செய்யறாரு, இந்த மூணும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்காம இருக்கான்னு பாக்கறது தான் அது. நான் ஊருக்கு போகணும், இந்த பஸ் அந்த ஊருக்கு போகாதுன்னு எனக்கு நல்லா தெரியும், ஆனாலும் இதுல தான் ஏறுவேன்னா அது முட்டுது, அத இரேஷனல்னு தாராளமா சொல்லலாம். ஆனா எனக்கு அந்த ஊருக்கு போகவே வேணாம்னா? அப்ப பஸ் டைமிங் எத்தன தடவ சொன்னாலும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா சண்டை பஸ்ஸ பத்தினது இல்ல.

இத ரொம்ப முரட்டுத்தனமா சொன்னவரு டேவிட் ஹ்யூம்ங்கற தத்துவவாதி, 1739லயே. அறிவுங்கறது ஆசைக்கு அடிமை, அப்படித்தான் இருக்கவும் வேணும்னாரு. உலகமே அழிஞ்சாலும் பரவால்ல என் விரல்ல ஒரு கீறல் விழக்கூடாதுன்னு ஒருத்தன் நெனச்சா, அதுல கூட அறிவுக்கு விரோதமா எதுவும் இல்லன்னு எழுதினாரு. படிக்கும்போது எரிச்சல் வரும், எனக்கும் வந்துச்சு, ஆனா அவரு சொல்ல வர்றது என்னன்னா என்ன வேணும்னு அறிவு சொல்லாது, வேணும்ங்கறத அடையற வழிய தான் சொல்லும். அவரு கிட்ட நான் முழுசா சேரல, அதுக்கு அப்புறம் வர்றேன்.

இப்ப அப்பா சொன்னதா நீ எழுதினத எடுத்துக்கோ. "இப்ப இருக்கற மாதிரியே இன்னும் கொஞ்ச காலம் ஓட்டிடுவேன்"ன்னாரு. இது தப்பு, இங்க நீ அடிச்சு பேசலாம். படி ஏறினா மூச்சு வாங்குது, தலை சுத்துதுன்னு ஆரம்பிச்சதுக்கு அப்புறம் அந்த வால்வு அப்படியே நிக்காது, சுருக்கம் கூடிக்கிட்டே தான் போகும், மாத்திரை கொஞ்சம் சமாளிக்கும், அடைப்ப எடுக்காது. அவரு மனசுல "ஆபரேஷன்" ஒரு பக்கம், "இன்னைக்கு இருக்கற நிலைமை" இன்னொரு பக்கம்னு தராசு நிக்குது, ஆனா ரெண்டாவது தட்டுல அவரு வச்சிருக்கற சாமான் கடைல கிடையவே கிடையாது. ஆபரேஷன் இல்லன்னா என்ன ஆகும்னு டாக்டர் அவரு கிட்ட உக்காந்து பேசினாரா, இல்ல ஆபரேஷன் எப்படி பண்ணுவோம்னு மட்டும் படம் வரைஞ்சு காட்டினாரா? உன் லெட்டர படிச்சா ரெண்டாவது மாதிரி தான் தெரியுது. தகவல் இல்லாம தப்பா முடிவு பண்றவரு இரேஷனல் இல்லடா, அவருக்கு விஷயம் போய் சேரல, அவ்ளோதான்.

அடுத்து, அவரு ஃப்ரெண்டு ஒருத்தர் ஆபரேஷன் டேபிள்லயே இறந்தத பத்தி எழுதியிருந்தியே, அது. பக்கத்துல இருந்து பாத்த ஒரு சாவு, கேள்விப்பட்ட நூறு பேர் பொழச்சத அமுக்கிடும், எல்லாருக்கும் மூளை அப்படித்தான் வேலை செய்யுது. சட்டுனு ஞாபகத்துக்கு வர்றது அடிக்கடி நடக்கறது மாதிரி தோணும்னு ட்வெர்ஸ்கி, கானமன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1973லயே எழுதிட்டாங்க. ஆனா இத அவரு மூஞ்சிக்கு நேரா "அது ஒரு கேஸ் தான்பா"ன்னு சொல்லிடாத. அவருக்கு அது கேஸ் இல்ல, கூட நடந்துட்டு இருந்த ஆளு. அந்த ஃப்ரெண்டுக்கு என்ன ஆபரேஷன், என்ன வயசு, வேற என்ன வியாதி இருந்துச்சுன்னு அவரையே சொல்ல விடு, சொல்லும்போதே அவருக்கு வித்தியாசம் தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

உன் பக்கமும் ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. சக்சஸ் ரேட் எவ்ளோ நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னத கேட்டு தான் நீ முடிவுக்கு வந்த, அப்பா அதே ரூம்ல உக்காந்து பொழைக்காத மிச்ச பேர நெனச்சாரு. ரெண்டு பேருக்கும் நம்பர் ஒண்ணே தான். 1982ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல ஒரு ஸ்டடி வந்துச்சு, நுரையீரல் கேன்சருக்கு ஆபரேஷனா ரேடியேஷனான்னு கேட்டாங்க. ஒரு குரூப்புக்கு எத்தன பேர் உயிரோட இருப்பாங்கன்னும் இன்னொரு குரூப்புக்கு அதே கணக்க எத்தன பேர் இறப்பாங்கன்னும் சொன்னாங்க, அதாவது ஆபரேஷன் பண்ணிக்கற நூறு பேர்ல 90 பேர் பொழைப்பாங்க, இல்லன்னா நூறு பேர்ல 10 பேர் போயிடுவாங்க, விஷயம் ஒண்ணே தான். பொழைக்கற கணக்க பாத்தவங்கள்ல ரேடியேஷன் கேட்டது 18 சதவீதம், இறக்கற கணக்க பாத்தவங்கள்ல 44 சதவீதம். இதுல பேஷன்ட்ஸ் மட்டும் இல்ல, டாக்டர்ஸும் இருந்தாங்க, புள்ளிவிவரம் படிச்ச பிஸினஸ் ஸ்டூடன்ட்ஸும் இருந்தாங்க, அவங்களும் அதே மாதிரி தான் சாஞ்சாங்க. அதனால நீ ரேஷனல் அவரு இரேஷனல்னு கோடு போடறதுக்கு முன்னாடி, உன்ன சாய்ச்சது நம்பரா, அந்த நம்பர சொன்ன விதமான்னு ஒரு தடவ பாரு. ரெண்டு மாதிரியும் சொல்ல சொல்லி டாக்டர் கிட்ட கேளு, அப்பாவும் பக்கத்துல இருக்கட்டும்.

நடுவுல என் கதை ஒண்ணு. எங்க ஆஃபீஸ்ல ஒரு பெரிய சாஃப்ட்வேர் வாங்கணும், எந்த வெண்டர்னு முடிவு பண்ண எக்செல்ல ஒரு ஷீட்டு, விலை, சப்போர்ட், செக்யூரிட்டின்னு வரிசையா கட்டம், ஒவ்வொண்ணுக்கும் வெயிட்டேஜ், மார்க் போட்டா கீழ டோட்டல் வரும். ரொம்ப சயின்டிஃபிக்கா இருந்துச்சு பாக்க. மொத ரவுண்டுல மேனேஜருக்கு பிடிக்காத கம்பெனி மேல வந்துடுச்சு. மனுஷன் கொஞ்ச நேரம் ஸ்க்ரீனயே பாத்தாரு, "சப்போர்ட்டுக்கு இன்னும் கொஞ்சம் வெயிட் குடுக்கலாமே"ன்னாரு, குடுத்தோம், டோட்டல் மாறல, அப்புறம் "விலைய இவ்ளோ பாக்கணுமா"ன்னாரு, கொறச்சோம், இப்ப அவரு ஆளு மேல. எல்லாரும் தலையாட்டிட்டு டீ குடிக்க போயிட்டோம். மீட்டிங் குறிப்புல "அப்ஜெக்டிவ் மெத்தட்படி முடிவு எடுக்கப்பட்டது"ன்னு எழுதினாங்க பாரு, எனக்கு சிரிப்ப அடக்க முடியல.

இந்த ஷீட்டுக்கு தாத்தா யாருன்னு பாத்தா பெஞ்சமின் பிராங்க்ளின். 1772ல ஜோசப் பிரீஸ்ட்லிங்கற விஞ்ஞானிக்கு ஒரு வேலை வந்துச்சு, போகலாமா வேணாமான்னு இவரு கிட்ட யோசனை கேட்டாரு. எதுன்னு நான் சொல்ல மாட்டேன், எப்படி முடிவு பண்றதுன்னு வேணா சொல்றேன்னு பிராங்க்ளின் பதில் எழுதினாரு. பேப்பர நடுவுல கோடு கிழி, ஒரு பக்கம் சாதகம், ஒரு பக்கம் பாதகம், மூணு நாலு நாள் தோணத்தோண எழுது, சமமா இருக்கறத ரெண்டு பக்கமும் அடிச்சுக்கிட்டே வா, மிச்சம் எந்த பக்கம் நிக்குதோ அது. நல்ல வழி தான், நான் இப்பவும் பண்றேன். ஆனா அதே மனுஷன் தன் வாழ்க்கைக் கதைல இன்னொண்ணும் எழுதியிருக்காரு, எனக்கு அது தான் பிடிக்கும். மாமிசம் சாப்பிட மாட்டேன்னு கொள்கையா இருந்த வயசுல கப்பல்ல போகும்போது காத்து இல்லாம கப்பல் நின்னுடுச்சு, கூட இருந்தவங்க மீன் புடிச்சு வறுக்கறாங்க, வாசனை தூக்குது. கொள்கைக்கும் ஆசைக்கும் நடுவுல கொஞ்ச நேரம் அல்லாடிட்டு, மீன அறுக்கும்போது வயித்துக்குள்ள சின்ன மீன் இருந்தத பாத்தது ஞாபகம் வருது, ஓஹோ நீங்களே ஒருத்தர ஒருத்தர் திங்கறீங்க, அப்ப நான் உங்கள தின்னா என்னன்னு வயிறார சாப்பிட்டாரு. புத்தியுள்ள ஜீவனா இருக்கறது எவ்ளோ வசதி, செய்ய ஆசப்படற எதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சுக்கலாம்னு அவரே தன்ன கிண்டல் பண்ணிக்கறாரு. எங்க மேனேஜருக்கு அந்த நேர்மை கூட இல்ல.

காரணம் நெறைய சொல்றவன் ரேஷனல், சொல்லத் தெரியாதவன் இல்லன்னு நெனச்சுடாதன்னு தான் இத இழுத்தேன். உங்கப்பா "வேணாம்"னு ஒரு வார்த்தைல முடிச்சாரு, நீ நாலு பக்கத்துக்கு வாதம் வச்சிருக்க, அதனாலயே உன் பக்கம் சரின்னு ஆயிடாது.

பயந்து முடிவு எடுக்கறாருன்னு வேற எழுதியிருந்த. பயம் வந்தா அறிவு போயிடும்னு ஒரு கணக்கு எல்லார்கிட்டயும் இருக்கு, அத கொஞ்சம் சந்தேகப்படு. அன்டோனியோ டமாசியோன்னு ஒரு நரம்பியல் டாக்டர், மூளையோட முன்பக்கத்துல கீழ ஒரு பகுதி அடிபட்டவங்கள ரொம்ப நாள் கவனிச்சவரு. அவங்களுக்கு ஐக்யூ, ஞாபகம், பேச்சு எல்லாம் நல்லா இருக்கும், உணர்ச்சி மட்டும் மழுங்கிப்போயிருக்கும். அதுல ஒருத்தர் கிட்ட அடுத்த தடவ வர ரெண்டு தேதி குடுத்து எது வசதின்னு கேட்டா, மனுஷன் டைரிய விரிச்சு கிட்டத்தட்ட அரை மணி நேரம் அலசறாரு, அன்னைக்கு வேற வேலை இருக்கு, முன்னாடி நாள் என்ன, அடுத்த நாள் என்ன, வானிலை எப்படி இருக்கும், ஒண்ணு விடல. கடைசில டாக்டரே ரெண்டாவது தேதிக்கு வாங்கன்னு சொன்னதும் "சரி"ன்னு டைரிய மூடி பாக்கெட்ல போட்டுட்டாரு, அவ்ளோதான். எல்லா காரணமும் கைல இருந்துச்சு, ஆனா எதுவும் மத்ததவிட முக்கியம்னு தோணல, தோணறதுக்கு உணர்ச்சி வேணும். நெஞ்ச பொளந்து போடற ஆபரேஷன் முன்னாடி பயப்படாத ஆள பாத்தா தான் நான் கவலைப்படுவேன். பயம் எத காட்டுதுன்னு கேளு. நெஞ்ச தெறக்கறது தான் பயம்னா, தொடை ரத்தக்குழாய் வழியா ட்யூப் விட்டு வால்வு வைக்கற முறை இருக்கு, 2002ல பிரான்ஸ்ல அலன் கிரிபியேங்கற டாக்டர் மனுஷங்களுக்கு மொத தடவ பண்ணது, இப்ப வயசானவங்களுக்கு நெறைய பண்றாங்க. அப்பாவுக்கு பொருந்துமான்னு ஸ்கேன் பாத்து டாக்டர் தான் சொல்லணும், ஆனா உன் லெட்டர்ல அந்த பேச்சே இல்ல, அதான் கேக்கறேன்.

எது ரேஷனல்ங்கற விஷயத்துல பெரிய பெரிய ஆளுங்களே ஒத்துப்போகலன்னு தெரிஞ்சா உனக்கு கொஞ்சம் ஆறுதலா இருக்கும். ரேஷனலா தேர்ந்தெடுக்கறதுன்னா என்ன ரூல்னு கணக்கா எழுதி வச்சவரு லெனார்ட் சாவேஜ்ங்கற புள்ளியியல் நிபுணர். 1950கள் ஆரம்பத்துல பிரான்ஸ் பொருளாதார நிபுணர் மாரிஸ் அல்லே அவருக்கு ஒரு புதிர் வச்சாரு. மொத கேள்வி, ஒரு பெரிய தொகை கண்டிப்பா கைக்கு வரும், இல்லன்னா நூத்துல 10 வாய்ப்பு அதுல அஞ்சு மடங்கு, 89 வாய்ப்பு அதே தொகை, 1 வாய்ப்பு ஒண்ணுமே இல்ல. நீயும் நானும் கண்டிப்பா வர்றத தான் எடுப்போம். ரெண்டாவது, நூத்துல 11 வாய்ப்பு அந்த தொகை, இல்லன்னா 10 வாய்ப்பு அஞ்சு மடங்கு, ரெண்டுலயும் மிச்ச வாய்ப்புக்கு ஒண்ணுமே இல்ல. இங்க எல்லாரும் அஞ்சு மடங்குக்கு போவாங்க. சாவேஜும் இப்படியே ரெண்டுக்கும் சொன்னாரு, ஆனா அது அவரு எழுதின ரூலுக்கே விரோதம். அப்புறம் உக்காந்து அத நூறு லாட்டரி சீட்டா பிரிச்சு எழுதி பாத்தாரு, 12ல இருந்து 100 வரைக்கும் உள்ள சீட்டுல எத எடுத்தாலும் ஒண்ணு தான், வித்தியாசமே மொத 11 சீட்டுல தான், அதுவும் ரெண்டு கேள்விலயும் ஒரே மாதிரி இருக்கு. பாத்ததும் ரெண்டாவது பதில மாத்திக்கிட்டாரு. அல்லே மாத்திக்கல, ஜனங்க இப்படி தேர்ந்தெடுக்கறதுல தப்பில்ல, உன் ரூல் தான் தப்புன்னாரு, 1988ல வேற ஆராய்ச்சிக்கு பொருளாதார நோபலும் வாங்கினாரு. எனக்கு சாவேஜ் பண்ணது பிடிச்சிருக்கு, அவரு ரூல் சரியாங்கறது வேற. முட்டுது பாருன்னு காட்டினா நின்னு பாக்கறது, பாத்துட்டு எதாவது ஒண்ண விடறது, ரேஷனல்ங்கறதுக்கு அதவிட பெருசா என்ன கேக்க முடியும்?

சரி, ஹ்யூமுக்கு வர்றேன்னு சொன்னேன்ல. மேக்ஸ் வெபர்ங்கற சமூகவியல் அறிஞர் ரெண்டு மாதிரி ரேஷனல பிரிச்சாரு, ஒண்ணு குறிக்கோள அடைய எந்த வழி தோதுன்னு கணக்கு போடறது, இன்னொண்ணு விளைவு என்னவானாலும் இந்த மதிப்புக்கு நான் கட்டுப்பட்டவன்னு நிக்கறது. உங்கப்பா சொன்ன "மாசக்கணக்குல படுக்கைல கிடந்து உங்களுக்கு பாரமா இருக்க மாட்டேன்" இந்த ரெண்டாவது ஜாதி. அத கணக்கு போட்டு ஒடைக்க முடியாது, ஒடைக்கவும் கூடாது, அது அவரு யாருங்கற விஷயம். எனக்கு வந்தாலும் அப்படித்தான் சொல்லுவேன்னு நெனைக்கறேன். ஹ்யூம் இங்க நிறுத்திக்குவாரு, ஆசைன்னு வந்துட்டா மேல கேள்வி இல்லன்னு.

ஆனா அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளயே எத்தன தகவல் ஒளிஞ்சிருக்கு பாரு. மாசக்கணக்குல கிடப்போம்னு அவரு நம்பறாரு, அது உண்மையான்னு டாக்டர் கிட்ட கேக்கலாம், ட்யூப் முறைன்னா பல பேர் சில நாள்லயே நடந்து வீட்டுக்கு போறாங்க. ஆபரேஷன் பண்ணலன்னா பாரமா இருக்க மாட்டோம்னு நம்பறாரு, அது உல்டா, வால்வு மோசமாகி அடிக்கடி மூச்சு திணறி ஹாஸ்பிட்டலுக்கும் வீட்டுக்கும் அலையறது தான் அவரு பயப்படற அந்த படுக்கை. எல்லாத்துக்கும் மேல, உங்களுக்கு அவரு பாரம்னு அவரு நம்பறாரு. மாப்ள, அது ஆசை இல்லடா, உன்ன பத்தி அவரு வச்சிருக்கற ஒரு கருத்து. அத தப்புன்னு சொல்லக்கூடிய ஒரே ஆளு நீ தான், உன் நாலு பக்கத்துல சக்சஸ் ரேட் இருக்கு, ஹாஸ்பிட்டல் பேர் இருக்கு, இன்ஷூரன்ஸ் கவர் ஆகுமாங்கறது கூட இருக்கு, இது மட்டும் இல்ல. நீ நேர்ல சொல்லியிருக்கியான்னு எனக்கு தெரியாது. உன்ன தெரிஞ்ச வரைக்கும் சொல்லியிருக்க மாட்ட.

இதெல்லாம் சொன்னதுக்கு அப்புறமும், புரிஞ்சுக்கிட்டும், வேணாம்னாருன்னா? அப்ப அது அவரு முடிவு. உனக்கு வலிக்கும், எனக்கும் தான். அப்பவும் அவர இரேஷனல்னு சொல்ல எனக்கு வாய் வராது.

செகண்ட் ஒப்பினியன் ஒண்ணு எடு, நல்ல ஐடியா. ஆனா அதோட நிறுத்து, அஞ்சு டாக்டர் ஆறு டாக்டர்னு அவர இழுத்துட்டு அலையாத. இருக்கறதுலயே பெஸ்ட் எதுன்னு தேடித்தேடி தேடறதே செலவா போயிடும், போதுமான அளவுக்கு நல்லது கிடைச்சா எடுத்துக்கறது தான் மனுஷனுக்கு ஆகற காரியம்னு முடிவெடுக்கறத பத்தி ஆராய்ஞ்ச ஹெர்பர்ட் சைமன் சொல்லிக்கிட்டே இருந்தாரு, அவருக்கு டைம் இருந்துச்சு, உனக்கு இந்த விஷயத்துல அவ்ளோ டைம் இல்ல.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். பொண்ணு காலேஜ்ல எந்த கோர்ஸ்னு இன்னும் முடிவு பண்ணல, அவளும் பேப்பர்ல கோடு கிழிச்சு சாதகம் பாதகம் எழுதறா, பாதகம் பக்கத்துல "அப்பாவுக்கு பிடிச்ச கோர்ஸ்"னு எழுதியிருக்கறத எட்டிப்பாத்துட்டேன், கேக்கல. அந்த சாஃப்ட்வேர் வந்து இறங்கிடுச்சு, தினமும் ஒரு தடவ தொங்குது, அத பத்தி பேச ஆரம்பிச்சா இன்னும் நாலு பக்கம் ஆகும்.

எக்கோ ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு. என் தங்கச்சி வீட்டுக்காரர் மயக்க மருந்து டாக்டர் தான், ஹார்ட் டாக்டர் இல்ல, ஆனாலும் ட்யூப் முறைய பத்தி யார் கிட்ட என்ன கேக்கணும்னு சொல்லுவாரு. ஞாயித்துக்கிழமை காலைல நான் கூப்பிடறேன், ஃபோன அப்பா கிட்ட குடு. ஆபரேஷன பத்தி நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்னு அவரு கிட்ட முன்னாடியே சொல்லிடு, இல்லன்னா எடுக்க மாட்டாரு.

உன் பழைய ரூம்மேட்